தோற்றம் வயதுச் சான்றா?

கனடாவின் நீதி அமைச்சர் அவர்களுக்கு,

குற்றவியல் சட்டக்கோவையின் 658ஆம் பிரிவில் ஐந்தாவது உட்பிரிவாக இருக்கும் ஒற்றை வாக்கியம் பற்றியது இந்த மடல். வேறு சான்று இல்லாதபோதோ, இருக்கும் சான்றுக்கு வலுச் சேர்க்கவோ, ஒரு பிள்ளையின் வயதைத் தோற்றத்தைப் பார்த்தே நீதிபதியும் ஜூரிகளும் ஊகித்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. பாலியல் வழக்குகளில் இந்த ஊகம் எவ்வளவு கனமானது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 2008இல் சம்மத வயது 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. 14, 15 வயதினரின் சம்மதம் செல்லுபடியாக வேண்டுமென்றால் மற்றவர் அவரைவிட ஐந்து வயதுக்குக் குறைவாகவே மூத்திருக்க வேண்டும். 12, 13 வயதினருக்கு அந்த இடைவெளி இரண்டு வயதுக்கும் குறைவு. சில மாத வித்தியாசத்தில் ஒருவர் சிறைக்குப் போகலாம். அதே வித்தியாசத்தில் ஒரு பிள்ளைக்குச் சட்டம் தந்த காப்பும் போய்விடலாம்.

இவ்வளவு நுண்ணிய கோட்டை எக்ஸ்ரேயாலேயே காட்ட முடிவதில்லை. எலும்பு முதிர்ச்சியைப் பார்த்துச் சொல்லும் வயது இரு பக்கமும் இரண்டு வருடம் பிசகலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஜெயமாலா வழக்கில் 1982லேயே சொல்லிவிட்டது. மருத்துவர்கள் இன்றும் புரட்டும் கிரோய்லிக்–பைல் எலும்புப் படநூல், 1930களிலிருந்து கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் எடுத்த எக்ஸ்ரேக்களை வைத்துத் தொகுத்தது. பல நாட்டுக் குடும்பங்கள் கலந்து வாழும் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் உயரத்திலும் உடற்கட்டிலும் எத்தனை விதமாக இருக்கிறார்கள்! போதாததற்குத் தாமதம் வேறு. வழக்கு முடிய, கனடிய உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு ஜோர்டன் தீர்ப்பு விதித்த உச்ச வரம்பே மாகாண நீதிமன்றத்தில் 18 மாதம், உயர் நீதிமன்றத்தில் 30 மாதம். சம்பவத்தின்போது 15 வயதாக இருந்தவர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது இளம்பெண்ணாகியிருப்பார். பல பத்தாண்டுகள் கழித்து வரும் முறைப்பாடுகளில் தோற்றத்துக்கு வேலையே இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது சட்டத்துக்குள்ளேயே இருக்கும் முரண். முறைப்பாட்டாளருக்கு 16 ஆகிவிட்டது என்று நம்பினேன் என்று வாதிடுபவர், வயதை அறிய நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்திருக்க வேண்டும் என்கிறது 150.1ஆம் பிரிவு. பார்த்தால் பெரிய பெண்ணாகத் தெரிந்தாள் என்ற பதில் பொதுவாக அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. அவருக்குப் போதாத அந்தப் பார்வை மன்றத்துக்கு மட்டும் எப்படிப் போதும்? மெலிந்த உடலுடைய 17 வயதுக்காரியை 14 என்று எண்ணிவிட்டால் குற்றமற்றவரும் தண்டனை பெறலாம். இந்த உட்பிரிவு இரு தரப்புக்குமே ஆபத்து.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, போரில் பதிவேடுகளை இழந்து, உத்தேச வயதுச் சான்றிதழோடு வந்த ஈழத்துக் குடும்பங்களுக்கு அது நன்றாகவே விளங்கும். ஆனால் விடை 658ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பிறந்த திகதியைப் பிள்ளையே சாட்சியமாகச் சொல்லலாம். தாயோ தந்தையோ சொல்லலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், மன்றம் நம்பத்தக்கது என்று கருதும் வேறு தகவலையும் நான்காம் உட்பிரிவின்படி ஏற்கலாம்: தடுப்பூசி அட்டை, பள்ளிப் பதிவு, குடிவரவுக் கோப்பு. இவற்றைக் குறுக்கு விசாரணையில் சோதிக்கலாம். நீதிபதியின் கண் மதிப்பீட்டை யார் குறுக்கு விசாரணை செய்வது?

இந்தியாவைப் போலப் பத்திரங்களுக்குக் கறாரான வரிசை வகுக்கும்படியும் நான் கேட்கவில்லை. யுவபிரகாஷ் வழக்கில் பள்ளி மாற்றுச் சான்றிதழ் சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு கேட்கும் ஆவணம் அல்ல என்று கூறி, 2023இல் இந்திய உச்ச நீதிமன்றம் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழான தண்டனையை ரத்துச் செய்தது. பெண் 18ஐக் கடந்திருக்கலாம் என்று மருத்துவச் சாட்சியமும் சொன்னதால் அந்த முடிவில் குறை காண்பதற்கில்லை. ஆனாலும் அங்கே தாயின் வாய்மொழிக்கு அந்த வரிசையில் இடமில்லை, இங்கே இருக்கிறது. அதை இழக்க வேண்டாம்.

நான்கு வயதுக் குழந்தையைக் குழந்தை என்று சொல்லவும் ஆவணம் வேண்டுமா என்று தங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். வேண்டாம், அங்கே வயது சர்ச்சையாவதே இல்லை. எனவே ஐந்தாம் உட்பிரிவை முழுதாக நீக்கத் தேவையில்லை. முறைப்பாட்டாளரின் வயது எதிர்த்தரப்பால் மறுக்கப்படும் பாலியல் வழக்குகளில் தோற்றத்தை மட்டும் கொண்டு வயதைத் தீர்மானிக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். குற்றவியல் சட்டக்கோவைக்கு அடுத்த திருத்த மசோதா வரும்போதே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
கோட்-டெ-நெய்ஜ் வாசி ஒருவர், மொன்றியல்