அம்மாவின் சுங்குடியும் பார்பியும்

"அம்மா சேலையில கத்திரி வைக்க உனக்கு எப்படிடீ மனசு வந்துச்சு?" மதுரையிலிருந்து அக்கா ஃபோனில் பொரிந்து தள்ளிவிட்டாள்.

விஷயம் இதுதான். கொலுவில் மரப்பாச்சிக்கு நான் துணி கட்டுவதைப் பார்த்த மகள், தன் பார்பிக்கும் சேலை கேட்டாள். 1959-ல் அமெரிக்காவில் பிறந்த அந்தப் பதினொன்றரை அங்குல அம்மணி, உயரத்தில் நம்மில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நம் ஐந்தரை மீட்டர் சேலை அவளுக்குச் சுமார் 90 செ.மீ. கணக்கு சரி, துணிதான் சரிவரவில்லை. புதுப் பட்டில் கொசுவம் வைத்தால் குடை மாதிரி விரிகிறது. பொம்மை சின்னது என்பதற்காகத் துணி மெலிந்துவிடுமா? பல வருடம் துவைத்து நைந்த அம்மாவின் சுங்குடிதான் படிந்து நின்றது. கரையோரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். ஜாக்கெட்டுக்கு முதுகில் பிரஸ் பட்டன். இல்லையென்றால் அவள் கை நுழையாது.

மரைன் ஹில் ஈரக்காற்றில், பீரோவில் பூட்டி வைத்த சேலைக்குப் பூஞ்சைதான் மிச்சம். பாட்டியைப் பார்த்தே இராத மகள் இப்போது தினமும் "பாட்டி சேலை" என்று மடித்து வைக்கிறாள். கடையில் வாங்கும் ரெடிமேட் உடை இதைத் தருமா? என்னைக் கேட்டால், ஊரை விட்டு வந்தவர்கள் பழசைப் பூட்டி வைப்பதைவிட வெட்டித் தைப்பதே மேல்.

முந்தானையை மட்டும் தொடவில்லை. அது அக்காவுக்கு :-)

நீங்க என்ன சொல்றீங்க?