காணாமல் போனாரா, ஆக்கப்பட்டாரா?

ஆங்கிலத்தில் 'டிஸப்பியர்' என்றொரு வினைச்சொல் உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சொல். மேகத்தின் பின்னே சூரியன் மறைந்தாலும் அதுதான். மேசையில் வைத்த பேனாவைக் காணவில்லை என்றாலும் அதுதான். டைனோசர்கள் பூண்டோடு அழிந்தமைக்கும், வேலை நேரத்தில் சொல்லாமல் நழுவும் எழுதுவினைஞருக்கும் அதே சொல். பொருள் பலவாயினும் இலக்கணம் ஒன்றே. அது செயப்படுபொருள் குன்றிய வினை. மறைபவர் தாமாகவே மறைகிறார். மறைத்தவர் என்று எவரும் அவ்வாக்கியத்தில் இல்லை.

கடத்துபவர்களுக்கு இதைவிட வசதியான இலக்கணம் வேறில்லை. 1976 முதல் 1983 வரை ஆர்ஜென்டீனாவை ஆண்ட இராணுவம் ஆயிரக்கணக்கானோரைக் கடத்திக் கொன்றுவிட்டு, அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றது. 1977 இல் தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடிப் பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கினர். இலத்தீன் அமெரிக்காவின் இக்கொடுமைகள் உலகறிந்த பின்னரே, 'ஒருவரை டிஸப்பியர் செய்தார்கள்' என்னும் பிரயோகம் ஆங்கிலத்தில் பரவியது. 1961 இல் வெளிவந்த 'கட்ச்-22' நாவலில் ஜோசப் ஹெல்லர் இதனை முன்னரே கையாண்டு, இது இலக்கணமே அல்லவென்று ஒரு பாத்திரத்தைக் குறைப்படவும் வைத்திருந்தார். உண்மையைச் சொல்ல ஆங்கிலம் தன் இலக்கணத்தை மீற வேண்டியிருந்தது.

தமிழுக்கு அத்தேவையே இல்லை. எமக்குத் தன்வினையும் உண்டு, பிறவினையும் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் கைநழுவிய பிள்ளை 'காணாமல் போகிறது'. ஆயுதம் தாங்கியோர் ஏற்றிச் சென்ற இளைஞன் 'காணாமல் ஆக்கப்படுகிறான்'. இத்துணைத் தெளிவான வேறுபாடு கையிலிருக்க, எமது பத்திரிகைகள் இரண்டு வகையினரையும் 'காணாமல் போனோர்' என்று ஒரே தலைப்பில் அடக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்களை அறிவேன். தலைப்பில் இடம் போதாது என்பர். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய அலுவலகத்தின் பெயரே 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' அல்லவா என்பர். போர்க்களத்தில் தவறிய படையினரையும் அச்சட்டம் உள்ளடக்குவதால் அலுவலகத்துக்குப் பரந்த பெயர் தேவைப்பட்டிருக்கலாம். செய்தியோ ஒரு மனிதரைப் பற்றியது. மேலும், வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேசச் சமவாயத்தை இலங்கை 2016 மே மாதத்தில் ஏற்புறுதி செய்தது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. சட்டம் குற்றம் என்பதைச் செய்தித்தாள் தற்செயலாக்குவது எந்த நியாயம்?

2009 மே மாதத்தில் தம் கண்முன்னே இராணுவத்திடம் சரணடைந்தவர்களை உறவினர்கள் இன்றும் தேடுகின்றனர். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், 'போனோர்' என்ற சொல்லை ஏற்கவில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே தம் உறவுகளைக் குறிப்பிட்டனர். இலக்கணம் கற்பிக்கும் எம்மைவிட அவர்கள் சரியாகப் பேசினர். தெற்கிலும் 1980 களின் இறுதியில் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் இவ்வாறே இல்லாமற்செய்யப்பட்டனர். எமது தொழிலைச் சேர்ந்த சுப்பிரமணியம் இராமச்சந்திரன் 2007 பெப்ரவரியிலும், பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரியிலும் வீடு திரும்பவில்லை. சகாக்களின் கதியைக்கூடச் சரியான வினைச்சொல்லால் எழுத மாட்டோமா?

எல்லோருக்கும் 'ஆக்கப்பட்டார்' என்று எழுதச் சொல்லவில்லை. கடலுக்குச் சென்று திரும்பாத மீனவர் காணாமற்போனவரே. எதுவும் அறியப்படாதபோது அச்சொல்லே நேர்மையானது. ஆனால் கண்டவர் சாட்சி சொல்லும்போது அந்தச் சாட்சியத்தை வினைச்சொல்லால் அழிக்கும் உரிமை எந்த உதவி ஆசிரியருக்கும் கிடையாது.

'ஆக்கப்பட்டார்' என்று எழுதியதும் வேலை முடிந்துவிடுவதுமில்லை. எவரால் என்ற கேள்வி உடனே எழும். 'போனார்' என்று எழுதினால் அக்கேள்வியே எழாது. சிலருக்கு அச்சொல் பிடித்திருப்பதும் அதனால்தான்.