பதினோராவது பொருத்தம்

கும்பகோணத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார்.

"டேய், பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்குன்னு ஜோசியர் சொல்லிட்டார். பிள்ளை திருச்சியில பேங்க் ஆபீசர். ஆவணியில லண்டன்லயே முகூர்த்தம் வெச்சுக்கலாம்னு இருக்கேன். நீ பி.காம். ஆச்சே... இந்த விசா சமாசாரத்தை மட்டும் கொஞ்சம் பாரு."

பி.காம். படித்தவனுக்கு இன்கம்டாக்ஸ் முதல் இமிக்ரேஷன் வரை சகலமும் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. பெரியப்பா மகள் சுதா, லண்டனில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். பிரிட்டிஷ் பிரஜை. சுலபமான வேலைதான் என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது ராத்திரி மணி இரண்டு.

நம்மூர் மாப்பிள்ளை அங்கே போய்த் தாலி கட்ட இரண்டு வழி. (கல்யாணமோ, 'சிவில் பார்ட்னர்ஷிப்' பதிவோ... விதி ஒன்றுதான்.) முதலாவது, கல்யாணத்துக்கென்றே ஒரு விசிட்டர் விசா. 6 மாதத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பிவிட வேண்டும். மாப்பிள்ளை மட்டும்! இரண்டாவது, 'ஃபியான்சே' விசா. 6 மாதத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே தங்க விண்ணப்பிக்கலாம். அந்த 6 மாதமும் வேலைக்குப் போகக் கூடாது. அதாவது, அரசாங்கமே பார்த்துச் செய்கிற வீட்டோடு மாப்பிள்ளை!

எந்த விசாவானாலும், இருவரும் 7 நாள் அங்கே தங்கிவிட்டு, பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிறகு 28 நாள் காத்திருப்பு. 2015-க்கு முன்பு 15 நாள்தான். 'இது நிஜக் கல்யாணம்தானா?' என்று உள்துறை விசாரிக்க ஆரம்பித்தால் 70 நாள் வரை இழுக்கும்.

"அதுக்குள்ள புரட்டாசி பொறந்துடுமேடா!" என்று அலறினார் பெரியப்பா.

புரட்டாசி போனால் ஐப்பசி. ஆனால், தோஷம் வேறு இடத்தில் இருந்தது.

சுதாவுக்கு வருஷத்துக்கு 24,000 பவுண்டு சம்பளம். வெளிநாட்டுக் கணவனைக் கூட வைத்துக்கொள்ள 29,000 வேண்டும். 2012-ல் 18,600 என்று ஆரம்பித்ததை, 2024 ஏப்ரலில் இப்படி ஏற்றிவிட்டார்கள்.

"மாப்பிள்ளை சம்பளத்தைச் சேர்த்துக்கோயேன்!"

"திருச்சியில வாங்கற சம்பளம் அங்க செல்லாது, பெரியப்பா."

சேமிப்பைக் காட்டலாம். ஆனால் முதல் 16,000 பவுண்டைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அதற்குமேல், குறைகிற 5,000-க்கு இரண்டரை மடங்கு. ஆக 28,500 பவுண்டு. நம்ம பணத்தில் முப்பது லட்சத்துக்கு மேல்! காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர்ஸ் வைத்த எனக்கே இந்தக் கணக்கு உறுத்தியது. 'இதனால் பல குடும்பங்களுக்குக் கஷ்டம்தான்' என்று ஒப்புக்கொண்ட பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டே, 2017-ல் வருமான வரம்பு செல்லும் என்றுதான் சொன்னது.

போலிக் கல்யாணத்தைத் தடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனசு பொருந்தியதா என்பதைச் சம்பளச் சீட்டைப் பார்த்தா தெரிந்துகொள்வது?

கடைசியில் கல்யாணம் கும்பகோணத்திலேயே நடந்தது. பத்தாம் நாள் சுதா தனியாகப் பிளேன் ஏறினாள். இப்போது சனி, ஞாயிறில் இன்னொரு வேலைக்கும் போகிறாள். மாப்பிள்ளை திருச்சியில் மெஸ் சாப்பாடு.

"செவ்வாய்க்குப் பரிகாரம் இருக்கு, ராகுவுக்கு இருக்கு. இதுக்கு என்னடா பரிகாரம்?" என்று அப்போது கேட்டார் பெரியப்பா.

"ரெண்டு வேலைக்கும் சேர்த்து 6 மாசச் சம்பளச் சீட்டு."

போன வாரம் மறுபடி போன் செய்தார். ஜோசியரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நாலு சீட்டு வந்தாச்சாம்டா. இன்னும் ரெண்டுதான்."