மரம் முந்தியா, மனிதன் முந்தியா?

மறைக்கல்வி வகுப்புகளில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. தொடக்கநூலின் (ஆதியாகமத்தின்) முதலாம் அதிகாரத்தில் மூன்றாம் நாளிலேயே புல்லும் மரமும் முளைத்துவிடுகின்றன. மனிதர் ஆறாம் நாளில்தான் வருகின்றனர், ஆணும் பெண்ணுமாக ஒன்றாகவே. இரண்டாம் அதிகாரத்திலோ முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், கடைசியில்தான் பெண். போதாக்குறைக்கு, நான்காம் நாள் சூரியன் வருமுன்னரே மூன்று நாட்கள் கழிந்துவிடுகின்றன.

"அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று பிள்ளையின் வாயை அடைப்பது சரியல்ல. சூரியன் இல்லாமல் நாள் எப்படி என்று புனித அகுஸ்தீனாரே ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோசித்திருக்கிறார். இரண்டையும் வலிந்து ஒட்டவைக்கவும் தேவையில்லை. இவை வெவ்வேறு கைகளில் உருவான இரண்டு விவரங்கள் என்பதே அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. எழுதியவரின் காலத்தையும் எழுத்து வகையையும் ஆராயும்படி 1943இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஊக்குவித்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதையே வலியுறுத்தியது.

இரண்டாம் அதிகாரத்தைக் கமக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. நிலத்தில் ஏன் செடி இல்லை? மழை பெய்யவில்லை, மண்ணைப் பண்படுத்த ஆளில்லை. வானம் பார்த்த பூமியில் பயிர்செய்தவனின் பேச்சு இது. எபிரேய மொழியில் மண் 'அதமா', மனிதன் 'ஆதாம்'.

முதலாம் அதிகாரத்தில் மழைக்கு ஏக்கமில்லை, எங்கும் தண்ணீர். இதைப் பாபிலோன் நாடுகடத்தலோடு சேர்த்துப் பார்க்கும் அறிஞர் பலர். கி.மு. 587 அளவில் எருசலேம் வீழ்ந்தது. ஆலயம் எரிந்தது. மக்களில் ஒரு பகுதியினர் பேராறுகள் பாயும் அந்நிய நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே சூரியனும் சந்திரனும் தெய்வங்கள். அவற்றைக் கும்பிட்டவர்களே வென்றவர்கள். இப்போது நான்காம் நாளை வாசித்துப் பாருங்கள். சூரியன், சந்திரன் என்ற பெயர்கூட அங்கே இல்லை. பெரிய விளக்கு, சிறிய விளக்கு, அவ்வளவுதான்! வான சாத்திரம் தெரியாமல் வந்த பிழையாக எனக்கு இது படவில்லை. தோற்றுப்போனவர்கள், வென்றவர்களின் தெய்வங்களை வெறும் விளக்குகள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்பகுதிப் பேரரசுகளில் தெய்வத்தின் சாயல் என்பது பெரும்பாலும் அரசனைக் குறித்த பேச்சு. நாடிழந்த இவர்களோ ஆண், பெண் எல்லோருமே கடவுளின் சாயல் என்று எழுதினார்கள். நிவாரண அட்டையில் ஓர் இலக்கமாகப் பதியப்பட்டவர்களுக்கு அந்த வசனத்தின் பாரம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நூலைத் தொகுத்தவர்களுக்கு வரிசை முரண்படுவது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் ஒன்றை அழித்து மற்றதை வைக்கவில்லை. சொந்த மண்ணில் நின்று பயிர்செய்தவன் சொன்னதும் வேண்டும், மண்ணைப் பறிகொடுத்தவன் சொன்னதும் வேண்டும் என்று அடுத்தடுத்து வைத்தார்கள்.

இதை மறந்து, முதலாம் அதிகாரத்தின் "ஆளுங்கள்" என்ற ஒரு சொல்லை மட்டும் தூக்கிக்கொண்டு காட்டை அழிப்பதற்கும் ஆற்று மணலை அள்ளுவதற்கும் நியாயம் பேசுபவர்கள் உண்டு. மறுபக்கத்தைப் புரட்டினால், மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும் என்றிருக்கிறது. பண்படுத்துவதற்கு அங்கே வரும் எபிரேயச் சொல்லுக்கு ஊழியம் செய்தல் என்றும் பொருள். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது சுற்றுமடலில் சுட்டிக்காட்டியதும் இந்த வசனத்தைத்தான்.