பயிரைக் காக்கத் துப்பாக்கி வாங்கலாமா?

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் மலையடிவாரத்தை ஒட்டி நிலக்கடலையும் கரும்பும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி பெருந்தொல்லை. கடலை காய் பிடிக்கும் தருணத்தில் ஒரே இரவில் பாத்தி பாத்தியாகக் கிளறிவிடுகிறது. "லைசென்சு எடுத்து ஒரு துப்பாக்கி வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயற்கையே. ஆனால் பணத்தைப் போடுமுன் சில உண்மைகளை அறிதல் நலம்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்க் காவலுக்கென்று குறிப்பிடுவது குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே, உட்புறம் வழுவழுப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். திரைப்படங்களில் குதிரை வீரர்கள் நெம்புகோலை இழுத்து இழுத்துச் சுடும் 1873-ஆம் ஆண்டு வின்செஸ்டர் ரைபிளின் மாதிரி, இத்தாலியில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. அதைப் போன்ற ரைபிள் நம் வயலுக்கு ஏற்றதன்று. அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயும். பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சுபவர் யார் என்பது இரவில் தெரியாது.

மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியிலும் இடர் உண்டு. கரிமருந்து, அடைப்பு, ரவை என்று ஒவ்வொன்றாக இட்டு, கம்பியால் இடித்து, கேப்பு வைத்த பிறகே சுட முடியும். ஒரு வெடிக்குப் பின் மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி ஓடிவிடும். பனியில் மருந்து ஈரமானால் வெடிக்காது; சில வேளை தாமதித்து வெடிக்கும். அப்போது குழலை ஆளில்லாத பக்கமே பிடித்திருக்க வேண்டும். கெட்டித்த துப்பாக்கியை வீட்டில் சாத்தி வைப்பது பிள்ளைகளுக்கு எமனாக முடியும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. லைசென்சு என்பது துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான். பன்றியைக் கொல்ல அன்று. காட்டுப்பன்றியும் மயிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. எழுத்து மூலமான அனுமதியின்றிச் சுட்டால் வழக்கு வரும். லைசென்சு இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. ஒரு போகக் கடலையைக் காக்கப் போய் நிலத்தையே விற்று வழக்காட நேரும்.

தமிழக அரசு 2025-இல் ஒரு வழி வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம், விவசாயி அல்ல. ஆகவே தம் நிலம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கிக்கு ஆகும் பணத்தை, நாலைந்து பேர் கூடிச் சூரிய மின்வேலிக்குப் போடுவது மேல். விட்டு விட்டுப் பாயும் அதன் மின்சாரம் அதிர்ச்சி தருமே தவிரக் கொல்லாது. அடிக்கம்பி தரையிலிருந்து அரை அடி முதல் முக்கால் அடிக்குள் இருந்தால்தான் பன்றி நுழையாது. கம்பியில் களை படர்ந்தால் வேகம் குறையும். அவ்வப்போது வெட்ட வேண்டும். மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறையிலும், தொழில்நுட்ப விவரங்களைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். லைன் கம்பியிலிருந்து நேரே வேலிக்கு மின்சாரம் கொடுப்பதும், அவுட்டுக்காய் வைப்பதும் ஆளைக் கொல்லும் குற்றங்கள்.

சேதம் ஏற்பட்டால் அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். ஊரார் சேர்ந்து கொடுத்தால் மதிப்பு அதிகம்.

இவ்வளவு சொல்வதால் விவசாயி பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. சுடும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட வனத்துறை, காய் பிடிக்கும் வாரத்திலேயே வயலுக்கு வர வேண்டும். அறுவடை முடிந்து வந்து பயனில்லை. இழப்பீடும் அடுத்த விதைப்புக்குள் கைக்கு வர வேண்டும். இவை நடக்காவிட்டால், கள்ளத் துப்பாக்கியை நாடும் கைகளை அறிவுரை மட்டும் தடுத்துவிடாது.