செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினா குறைச்சலா?

"போயும் போயும் செகண்ட் ஹேண்டா வாங்கப் போறே?" என்று வகுப்பு நண்பன் ஒருவன் கேட்டான். கேட்டதை விட, கேட்ட விதம் தான் உறுத்தியது. அவனுக்கு அங்கேயே பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன் :)

எனக்கு ஊர் தளவாய்புரம். நைட்டி தைக்கும் ஊர் என்றால் பலருக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் தைக்கிறார். படிப்பது சென்னையில். லீவு விட்டால் எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் ராஜபாளையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ். வழியில் ப்ராஜக்ட் ரிப்போர்ட் டைப் அடிக்க, பிடிஎஃப் படிக்க, மெயில் பார்க்க ஒரு லேப்டாப் வேண்டும். அவ்வளவு தான். இதற்குப் புதுசு வாங்கினால் அம்மா எத்தனை நைட்டி கூடுதலாகத் தைக்க வேண்டும்? கணக்குப் போடவே மனசு வரவில்லை.

வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது. நான் பிளஸ் டூ வந்தபோது எங்களுக்குக் கிடைக்கவில்லை. "அக்காவோடதை எடுத்துட்டுப் போ" என்றார் அப்பா. ஆனால் ப்ளக்கைப் பிடுங்கினால் அடுத்த நொடி அது அணைந்துவிடும். ரயிலிலோ இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்ட்டுகளுக்கு மின்சாரம் தருவதில்லை என்று 2021-இல் ரயில்வே முடிவெடுத்தது. ஆக, பயணத்துக்கு வாங்குபவன் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத் தான்.

கையில் 15,000 ரூபாயோடு ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் பளபளவென்று ஒன்றைக் காட்டினார்கள். ஆசையாகத் தான் இருந்தது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், காசு கிடையாது, ஒரு நிமிஷ வேலை. புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது நிற்கும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வரும். எடுத்துப் பார்த்தால் பாதி கூட இல்லை! பக்கத்திலேயே மூலை தேய்ந்த கறுப்பு ஒன்று. ஏதோ கம்பெனி கழித்துவிட்டது. அதில் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. அதைத் தான் வாங்கினேன்.

அடுத்தது வயசு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை வந்தது 2017-இல். அதற்கும் முந்தையது மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், டைப் அடிக்கத் தாராளமாகப் போதும். ஹார்ட் டிஸ்க் இல்லாமல் எஸ்எஸ்டி இருந்தால், ரயில் குலுங்கினாலும் பயமில்லை.

கடைசியாக ஒன்று. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பயாஸில் பழைய பாஸ்வேர்டு இருந்தாலும் வேண்டாம், திருட்டுப் பொருளாக இருக்கலாம். அரசு முத்திரை போட்ட இலவச லேப்டாப்பை யாராவது விற்க வந்தால் தொடவே தொடாதீர்கள். அது இன்னொரு மாணவனின் படிப்பு.

அடுத்தவர் பயன்படுத்தியதை வாங்குவதில் குறைச்சல் ஒன்றுமில்லை நண்பா. தேவைக்கு மேல் வாங்கிவிட்டு, அதற்காக வீட்டில் இன்னொருவரை ராத்திரி கண் விழித்துத் தைக்க வைப்பது தான் குறைச்சல்.