வயலுக்கு யார் சோறு போடுவது?

அரிசிக் கடையில் இப்போதெல்லாம் ஒரு தர்மசங்கடம். ஒரு பக்கம் வழக்கமான பொன்னி மூட்டை. இன்னொரு பக்கம், ‘ரசாயன உரம் போடாமல் விளைந்தது’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பை; விலை கூடுதல். முதலாவதை வாங்கினால், “குழந்தைகளுக்கு விஷத்தையா வடித்துக் கொட்டுகிறோம்?” என்று மனசு உறுத்துகிறது. இரண்டாவதை வாங்கினால் மாதக் கடைசியில் பர்ஸ் உறுத்துகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கம் இந்த விவாதம் நடக்காத வீடு அபூர்வம். மாமியார் ஒரு கட்சி, மருமகள் ஒரு கட்சி. வீட்டுக்காரரோ வழக்கம் போலப் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக் கொள்கிறார்.

எந்த அரிசி நமக்கு நல்லது என்று எல்லோரும் கேட்கிறோம். நியாயந்தான். ஆனால் நமக்குச் சோறு போடுகிற அந்த வயலுக்கு யார் சோறு போடுவது? அதை யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

வயலின் பசி

நெற்பயிரின் சாப்பாட்டில் முக்கியமான பதார்த்தங்கள் மூன்று. தழைச்சத்து இலையை வளர்க்கும். மணிச்சத்து வேர் பிடிக்கவும் மணி கட்டவும் உதவும். சாம்பல் சத்து தண்டுக்குத் தெம்பு கொடுக்கும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நெட்டுருப் போடுவது இவற்றைத்தான்.

1 டன் நெல் விளைந்தால், தானியமும் வைக்கோலுமாக மண்ணிலிருந்து 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்து வெளியேறி விடுகிறது. நம் வீட்டுக் கணக்கில் சொல்வதானால், 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று உங்கள் வாசலில் வந்து இறங்கும்போது, எங்கோ ஒரு வயல் அரைக் கிலோவுக்கு மேல் தழைச்சத்தை இழந்திருக்கிறது. மூட்டை மாதா மாதம் வருகிறது. வயலுக்கு என்ன திரும்பிப் போகிறது?

அந்தக் காலத்தில் ஏதோ போய்க் கொண்டிருந்தது. இன்று அடுக்கு மாடிகள் சூழ்ந்து நிற்கும் செம்பாக்கம் ஏரியும் சேலையூர் ஏரியும் வயல்களுக்குப் பாசனம் தந்தவைதாம். கோடையில் ஏரி வற்றினால் வண்டல் மண் வண்டியேறி வயலுக்குப் போகும். அறுவடையான நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவார்கள். புங்கன், வேம்பு, கொழிஞ்சித் தழைகளை வெட்டி வந்து சேற்றில் மிதிப்பார்கள். தொழுவத்துக் குப்பை எருக்குழியில் மக்கும். உழுவதைக் காட்டிலும் உரமிடுவது உயர்ந்தது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் அல்லவா?

ஆனால் அந்தப் பொற்காலத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. 1889-ல் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணர் சீமையிலிருந்து வந்து இந்தியா முழுவதும் சுற்றினார். நம் விவசாயிக்குப் பாடம் சொல்ல வந்தவர், நல்ல இந்திய விவசாயி இங்கிலாந்து விவசாயிக்கு எந்த விதத்திலும் இளைத்தவனல்ல என்று 1893-ல் வெளியான அறிக்கையில் எழுதி விட்டுப் போனார். அவர் கண்ட பெருங்குறை வேறு: விறகுப் பஞ்சத்தால் சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது! வறட்டி எரியும்போது தழைச்சத்து புகையோடு போய்விடும், மிஞ்சுவது சாம்பல். வயலின் சாப்பாட்டை நம் பாட்டிமார் அடுப்பில் எரித்துத்தான் நமக்குச் சாப்பாடு ஆக்கினார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை. வேறு எதை வைத்து எரிப்பது?

ஒரே வருஷம், இரண்டு சங்கதி

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டையைத் தாண்டித்தான் பட்டணத்துக்குள் போக வேண்டும். 1868-ல் அந்தச் சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1906-ல் அது கோயமுத்தூருக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் வாரிசுதான்.

கோவையில் 1909-ல் ஒரு சோதனை ஆரம்பமாயிற்று. நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குத் தொழு உரம் மட்டும். சிலவற்றுக்கு ரசாயன உரம் விதவிதமான கலவையில். ஒன்றுக்கு எதுவுமே இல்லை, பட்டினி! ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல. நூறு வருஷத்தைத் தாண்டியும் அந்த ‘நிரந்தர உரச் சோதனை’ நடந்து வருகிறது. ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை. பாத்திகள் இருக்கின்றன.

அதே 1909-ல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹேபர் என்ற விஞ்ஞானி, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கிக் காட்டினார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் பயிரால் அதை நேரே எடுத்துக் கொள்ள முடியாது. ஹேபர் அந்தப் பூட்டைத் திறந்தார். யூரியா மூட்டைக்கு மூலம் அந்தச் சாவிதான். நம் பக்கத்து மணலியில், 1966-ல் தோன்றிய மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் தொழிற்சாலை 1971-ல் உர உற்பத்தியைத் தொடங்கியது. மணிச்சத்து தரும் சூப்பர் பாஸ்பேட் அதற்கும் முன்னோடி: 1906-லேயே ராணிப்பேட்டையில் தயாராகிவிட்டது.

சரி, கோவைப் பாத்திகள் என்ன சொல்கின்றன? பட்டினிப் பாத்தி எதிர்பார்த்தபடியே கடைசி. தொழு உரம் உண்ட மண்ணில் மக்குச் சத்து அதிகம். தொழு உரமும் ரசாயன உரமும் சேர்த்து உண்ட பாத்திதான் விளைச்சலில் முன்னால் நிற்கிறது.

நெல் தேசத்தில் மட்டுமல்ல, கோதுமை தேசத்திலும் இதே கதைதான். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை விதைத்துப் பார்த்து வருகிறார்கள். ரசாயன உரம் போட்டால் மண் செத்துவிடும் என்றவர்களின் பயம் அங்கே பலிக்கவில்லை; ரசாயனப் பாத்தியும் எருப் பாத்தியும் வெகு காலம் ஏறக்குறையச் சமமாக விளைந்தன. எருவே தேவையில்லை என்றவர்களின் வாதமும் பலிக்கவில்லை. நவீனக் கோதுமை ரகங்கள் வந்த பிறகு, எருவோடு தழைச்சத்து உரமும் சேர்த்த பாத்திகள்தாம் முந்திக் கொண்டன.

காரணம் எளிது. ரசாயன உரம் ஹோட்டல் சாப்பாடு மாதிரி. இலையில் விழுந்தவுடன் சாப்பிடலாம். எருவோ மண்ணுக்குள் ஒரு சமையலறையையே கட்டிக் கொடுக்கிறது. நுண்ணுயிர்கள் உட்கார்ந்து நிதானமாகச் சமைக்கின்றன. மண் பொலபொலப்பாகி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

மூட்டையும் வண்டியும்

அப்படியானால் எருவை மட்டும் போட்டால் போதாதா? ஒரு கணக்குப் போடுவோம். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதே அளவு சத்தைத் தொழு உரத்தில் பெற ஏறக்குறைய 4 டன் வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மூட்டையை ஒரு சைக்கிளில் வைத்துத் தள்ளிக் கொண்டு போய்விடலாம். 4 டன் எருவுக்கு மாடு எங்கே, வண்டி எங்கே, ஆள் எங்கே? வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குச் சொல்லும் அளவு எக்டேருக்கு 12½ டன் தொழு உரம். கிடைக்காவிட்டால் 6¼ டன் பசுந்தழை. அதற்கு மேல்தான் ரசாயன உரம்.

1960-களில் குட்டை ரக நெல் வந்தபோது கதை வேகம் பிடித்தது. பழைய உயரமான நெல்லுக்கு உரத்தைக் கூட்டினால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். 1966-ல் வெளியான ஐ.ஆர். 8 சாயாமல் நின்றது; உரத்தைச் சாப்பிட்டு அள்ளிக் கொடுத்தது. ரேஷன் கடையில் பஞ்சத்தோடு மல்லுக்கு நின்ற குடும்பங்களின் வயிறு அதனால் நிறைந்தது என்பது வாஸ்தவம்.

கையில் சுலபமாகக் கிடைத்தால் அளவு தப்புவதும் வாஸ்தவந்தானே? தண்ணீர் நிற்கும் வயலில் இறைத்த யூரியாவில் பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் 30, 40 சதவிகிதம். மிச்சம் காற்றோடும் தண்ணீரோடும் போகிறது. அதிகமாகத் தின்ற பயிர் கரும்பச்சையாகக் கொழுக்கும். புகையான் பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் விருந்து வைத்த மாதிரி. பூச்சி வந்தால் மருந்துத் தெளிப்பான் வருகிறது. இங்கேதான் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உரம் வேறு, பூச்சிமருந்து வேறு. தழைச்சத்து எருவிலிருந்து வந்தாலும் யூரியாவிலிருந்து வந்தாலும், வேர் உறிஞ்சுவது ஒரே பொருளைத்தான். நாம் பயப்பட வேண்டியது மருந்துக்கு. அந்த மருந்துக்கு அழைப்பிதழ் வைப்பது, அளவு தப்பிய யூரியா.

அளவைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண அட்டையே போதும். ரவிக்கைத் துணி எடுக்கப் போனால் புடவைத் தலைப்பை வைத்து நிறம் ஒத்துப் பார்ப்போமில்லையா? அதைப் போல, பச்சை நிறம் படிப்படியாக அச்சான அட்டையில் நெல் இலையை வைத்துப் பார்ப்பது. இலை வெளுத்திருந்தால் யூரியா, இல்லாவிட்டால் வேண்டாம். இன்னொரு வழி நம் ஊர்க் கைப்பாகம்: 5 பங்கு யூரியாவுக்கு 1 பங்கு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து, இரவு முழுக்க வைத்திருந்து இறைத்தால், சத்து மெல்ல மெல்லக் கரையும். 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம் என்று மத்திய அரசு ஆக்கியதும் இதே யோசனையால்தான்.

ஒரே ராத்திரியில் வேண்டாம்

எதிர்க் கோடிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அண்டை வீடான இலங்கை காட்டியது. 2021 ஏப்ரலில் அந்நாட்டு அரசாங்கம் ரசாயன உர இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தது. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். நாடு முழுவதற்கும் போதுமான இயற்கை உரம் எங்கே இருந்தது? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அனுராதபுரத்திலும் விவசாயிகள் வெறுங்கையோடு நின்றார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்கிக் கொண்டார்கள். ஆனால் பெரும்போகப் பயிர் அதற்குள் நட்டாயிற்று. விளைச்சல் சரிந்தது. அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவு பெற்றிருந்த தேசம் அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. விலை ஏற்றத்தில் தவித்தவர்கள் யார்? உலை வைக்கும் பெண்கள்தாம்.

தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்து மடக்கி உழுவதும், அசோலாவை நெல் வயலில் மிதக்க விடுவதும் அருமையான வழிகள். நம்மாழ்வார் 2013-ல் மறையும் வரை ஊர் ஊராகப் போய், மண் உயிருள்ளது என்று சொன்னதும் வீண் பேச்சல்ல. ஆனால் மண் பழக்கப்படச் சில வருஷம் பிடிக்கும். அந்த வருஷங்களின் நஷ்டத்தை விவசாயி மட்டும் தலையில் சுமக்க முடியாது. பச்சை எழுத்துப் பையின் கூடுதல் விலைக்கு நியாயமான காரணம் இதுதான். முடிந்தவர்கள் வாங்கலாம், இயற்கை விளைபொருளுக்கான சான்று முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். முடியாதவர்கள் வழக்கமான அரிசியை நன்றாகக் கழுவி, மனசு குறுகுறுக்காமல் பொங்குங்கள்.

நம் வீட்டுப் பங்கு

கடைசியாக ஒரு விஷயம். இதற்குப் பணம் வேண்டாம். கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த சத்து திரும்பிப் போகாமல் எங்கே தேங்குகிறது தெரியுமா? பெருங்குடியில்! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பை மலையில், வாழைப் பழத் தோலும் கீரைத் தண்டும் பிளாஸ்டிக் பையோடும் உடைந்த பல்போடும் கலந்து கிடந்தன. தனியாக இருந்திருந்தால் எரு. கலந்ததால் குப்பை. இப்போது அதைத் தோண்டிச் சலித்து அப்புறப்படுத்தப் பெருஞ்செலவு.

ஈரக் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. பிரித்துக் கொடுத்தால் உள்ளாட்சிகளின் நுண் உர மையத்தில் அது உரமாகும். நீங்களே செய்யவும் வழி உண்டு. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட மண் பானை ஒன்று. காய்கறித் தோல் ஒரு அடுக்கு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு. புளித்த மோர் கொஞ்சம் தெளித்து மூடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தரம் கிளறி விடுங்கள். எண்ணெய்ப் பண்டமும் மீன் முள்ளும் வேண்டாம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள். இரண்டு மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பாக எரு கிடைக்கும்.

மொட்டை மாடிக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போக மிஞ்சினால், ஊருக்குப் போகும்போது ஒரு பை கொண்டு போங்கள். ஒரு பையால் ஒரு வயலின் பசி அடங்காதுதான். ஆனால் வாங்கியே பழகிய கை, கொஞ்சம் கொடுத்தும் பழகட்டுமே!